வாங்குவது எளிது, விற்க முடியுமா?

இமாச்சலப் பிரதேசத்தின் மண்டி, ஹமீர்பூர், காங்ரா மாவட்டங்களில் 2018 முதல் 'கோர்வியோ காயின்' என்றொரு நாணயம் வாய்வழியாகவே பரவியது. பத்திரிகை விளம்பரம் இல்லை, கடை இல்லை. அண்ணன் தம்பிக்குச் சொன்னார், தம்பி அலுவலக நண்பருக்குச் சொன்னார். 2023இல் மாநில அரசு சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்து நோண்டத் தொடங்கியபோது, சிக்கியவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினார்கள். கைமாறிய தொகை 2,000 கோடி ரூபாய்க்கும் மேல் என்றது புலனாய்வுக் குழு. எல்லாவற்றையும் விட அதிர்ச்சி, பணம் போட்டவர்களில் ஏறக்குறைய ஆயிரம் பேர் போலீஸ்காரர்கள் என்பது. சிலர் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு முழு நேரமாக இதற்கு ஆள் சேர்க்கவே போய்விட்டார்கள். சிலர் பின்னர் கைதும் ஆனார்கள்.

மோசடி வழக்குகளைத் தினமும் பார்ப்பவர்கள் எப்படி விழுந்தார்கள்? சீட்டு கம்பெனி என்று யாராவது வந்திருந்தால் அவர்களே லத்தியை எடுத்திருப்பார்கள். வந்தது 'கிரிப்டோ'. பிட்காயின் எங்கிருந்து எங்கே போனது என்று எல்லோரும் கேள்விப்பட்டிருந்த காலம். இதன் தொழில்நுட்பம் நமக்கு எட்டாது, விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், நம்பிப் போடலாம் என்ற எண்ணம்தான் அவர்களைக் கவிழ்த்தது. கிரிப்டோ மோசடிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை முதலீடு, கேள்வி கேட்க வரும் இந்தத் தயக்கம்தான்.

தயங்கவே தேவையில்லை. பிளாக்செயின் எப்படி இயங்குகிறது என்று தெரியாதவரும் கேட்கக்கூடிய கேள்விகள் மூன்று உண்டு. விலையை யார் வைக்கிறார்கள்? லாபம் எங்கிருந்து வருகிறது? யார் தயவும் இல்லாமல் விற்றுப் பணத்தை வெளியே எடுக்க முடியுமா? கடந்த பத்தாண்டுகளில் உலகை உலுக்கிய போலி நாணயங்களில் இந்த மூன்றையும் தாண்டியது ஒன்றுகூட இல்லை.

முதல் கேள்விக்குச் சிறந்த பாடம் ஒன்காயின். பல்கேரியாவில் பிறந்து ஜெர்மனியில் வளர்ந்த ரூயா இக்னதோவா, 2014இல் சோஃபியா நகரிலிருந்து இதைத் தொடங்கினார். சட்டத்தில் முனைவர் பட்டம், பெரிய ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்த அனுபவம், மேடையில் தரையைத் தொடும் கவுன். 2016 ஜூனில் லண்டன் வெம்ப்ளி அரங்கில் ஆயிரக்கணக்கானோர் முன் நின்று, இன்னும் இரண்டு ஆண்டுகளில் பிட்காயினைப் பற்றிப் பேச ஆளிருக்காது என்றார். அவர் விற்றதோ, பெயரளவில், 'கல்வித் தொகுப்பு'கள். சில நூறு யூரோவில் தொடங்கி ஒரு லட்சம் யூரோவைத் தாண்டும் தொகுப்புகளும் இருந்தன. பாடப் புத்தகத்தோடு டோக்கன் இலவசம், டோக்கனைக் கொடுத்தால் காயின்.

அந்தக் காயினின் விலை அரை யூரோவில் ஆரம்பித்து 2019 ஜனவரியில் ஏறத்தாழ 30 யூரோ வரை ஏறியது. இறங்கியதே இல்லை. சந்தையில் வாங்குவோரும் விற்போரும் மோதித் தீர்மானிக்கும் எந்தப் பொருளின் விலையும் இப்படி ஏறுமுகமாக மட்டும் போகாது. ஒன்காயினுக்குச் சந்தையே கிடையாது. விலையை நிறுவனமே தன் இணையதளத்தில் எழுதிப் போட்டது. 2016 அக்டோபரில் பியோர்ன் பியெர்க்கே என்ற நார்வே நாட்டு பிளாக்செயின் வல்லுநருக்கு ஒரு வேலைவாய்ப்பு வந்தது. ஒரு கிரிப்டோ நிறுவனத்துக்கு பிளாக்செயின் கட்டித் தர வேண்டும். எந்த நிறுவனம் என்று கேட்டார், ஒன்காயின் என்றார்கள். அதாவது, பல லட்சம் பேரிடம் நாணயத்தை விற்ற பிறகுதான் அதற்கு பிளாக்செயின் தேடிக்கொண்டிருந்தார்கள். அதுவரை எல்லாக் கணக்கும் சாதாரண டேட்டாபேஸில் இருந்தது. அதில் எந்த எண்ணை வேண்டுமானாலும் யாரோ ஒருவர் தட்டெழுதிவிடலாம்.

அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் காட்டிய மின்னஞ்சல் ஒன்று 2014ஆம் ஆண்டைச் சேர்ந்தது, கடை திறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது. திட்டம் பலிக்காவிட்டால் என்ன வழி என்று ரூயா அதில் பட்டியல் போடுகிறார். பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுவது, பழியை வேறு யார் மீதாவது போடுவது என்பது முதலில் நின்ற யோசனைகளில் ஒன்று. 2017 அக்டோபர் 25 அன்று சோஃபியாவிலிருந்து ஏதென்ஸுக்கு விமானம் ஏறியவர், பிறகு கண்ணில் படவில்லை. 2022இல் எஃப்பிஐயின் அதிகம் தேடப்படும் பத்துப் பேர் பட்டியலில் சேர்ந்தார். 2024இல் அவர் தலைக்கு 50 லட்சம் டாலர் வரை சன்மானம் அறிவித்தது அமெரிக்க வெளியுறவுத் துறை. கூட்டாளி கார்ல் செபாஸ்டியன் கிரீன்வுட்டுக்கு 2023இல் 20 ஆண்டுச் சிறை. உலகம் முழுவதும் இழப்பு 400 கோடி டாலர் என்பது அமெரிக்க அரசுத் தரப்பின் கணக்கு. இந்தியாவும் தப்பவில்லை. 2017 ஏப்ரலில் நவி மும்பையில் ஒன்காயின் கருத்தரங்கு நடந்த இடத்துக்கே போலீஸ் போய் அமைப்பாளர்களைப் பிடித்தது.

இரண்டாவது கேள்விக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை, சூரத் போதும். அந்த ஊர்க்காரரான சதீஷ் கும்பானி நிறுவியதாக அமெரிக்க அதிகாரிகள் சொல்லும் பிட்கனெக்ட், ஒன்காயின் போல வெறும் டேட்டாபேஸ் அல்ல. அதன் நாணயத்துக்கு பிளாக்செயின் இருந்தது, எக்ஸ்சேஞ்சுகளில் விலையும் இருந்தது. மோசடி நாணயத்தில் இல்லை, நாணயத்தைச் சுற்றிக் கட்டிய 'கடன் திட்ட'த்தில் இருந்தது. உங்கள் பிட்காயினை எங்களிடம் கொடுங்கள், எங்கள் 'டிரேடிங் பாட்' என்ற தானியங்கி மென்பொருள் சந்தையின் ஏற்ற இறக்கத்தில் சம்பாதித்து மாதம் 40 விழுக்காடு வரை தரும் என்றார்கள். இணையதளத்தில் காட்டிய லாபம் சராசரியாக நாளுக்கு ஒரு விழுக்காடு.

ஒரு விழுக்காடுதானே என்று தோன்றும். காகிதமும் பேனாவும் எடுத்துப் போட்டுப் பார்த்தால்தான் விபரீதம் புரியும். நாளுக்கு ஒரு விழுக்காடு கூட்டு வட்டியில் ஒரு லட்சம் ரூபாய் ஓராண்டில் சுமார் 37 லட்சத்து 80 ஆயிரமாக வேண்டும். இரண்டாம் ஆண்டு முடிவில் 14 கோடியைத் தாண்ட வேண்டும். இப்படிச் சம்பாதிக்கும் இயந்திரம் கையில் இருப்பவர் ஊரார் வீட்டு வாசலில் நின்று பணம் கேட்பாரா? 2018 ஜனவரியில் டெக்சாஸ் மாகாண அதிகாரிகள் தடை ஆணை பிறப்பித்தார்கள். அதே மாதம் கடன் திட்டம் மூடப்பட்டது. முந்தைய மாதம் 400 டாலருக்கு மேல் விற்ற நாணயம் தரைக்கு வந்தது. விசாரணையில் வெளிவந்தது பழைய கதைதான். எந்த 'பாட்'டும் லாபம் சம்பாதிக்கவில்லை. பின்னால் வந்தவர் பணம் முன்னால் வந்தவருக்குப் போனது. மோசடியின் அளவு 240 கோடி டாலர். இந்த வழக்கில் 2025 பிப்ரவரியில் அமலாக்கத் துறை முடக்கிய கிரிப்டோவின் மதிப்பு மட்டும் 1,646 கோடி ரூபாய்.

இதே சமயத்தில் இங்கே அமித் பரத்வாஜின் கெயின்பிட்காயின், மாதம் 10 விழுக்காடு வீதம் 18 மாதம் தருவதாகச் சொல்லி பிட்காயின் திரட்டியது. கொஞ்ச நாள் பிட்காயினாகவே கொடுத்தது. பிறகு தானே உருவாக்கிய 'எம்கேப்' என்ற நாணயத்தை நீட்டியது. மதிப்புள்ளதை வாங்கிக்கொண்டு, தன் வீட்டில் அடித்த நாணயத்தைத் திருப்பிக் கொடுத்தது என்றால் விவகாரம் விளங்கும். அமலாக்கத் துறையின் கணக்கில் இது 6,600 கோடி ரூபாய் விவகாரம். முக்கியக் குற்றவாளியாகக் கருதப்பட்ட பரத்வாஜ் 2022இல் இறந்துவிட்டார், வழக்கு இன்னும் நீள்கிறது.

தமிழ்நாட்டுக்கு இந்த இரண்டாவது கேள்வி புதிதல்ல. அந்நியச் செலாவணி வர்த்தகத்தில் கொழிப்பதாகச் சொன்ன திருப்பூர் பாசி நிறுவனம் ஏறத்தாழ 930 கோடி ரூபாயைத் திரட்டியது, 2022இல் கோவை நீதிமன்றம் அதன் இயக்குநர்களுக்கு 27 ஆண்டுச் சிறை விதித்தது. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பு முதலீட்டு மோசடி. அன்று ஃபாரெக்ஸ், பிறகு கோழி, இன்று காயின். சரக்கு மாறுகிறது, ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுக்கும் கணக்கு மாறவில்லை. ஒரு முதலீடு உண்மையாகவே லாபம் தருமானால் அதில் ஆள் சேர்ப்பதற்கு எதற்குக் கமிஷன்? 'டவுன்லைன்', 'ரெஃபரல் போனஸ்', 'லெவல் இன்கம்' என்ற சொற்கள் காதில் விழுந்த நொடியே எழுந்து வந்துவிடலாம். மீதிப் பேச்சைக் கேட்பது வீண்.

மூன்றாவது கேள்வியைத்தான் பெரும்பாலோர் கேட்க மறக்கிறார்கள். திரையில் ஏறும் எண்ணைப் பார்ப்பவர் அதைப் பணமாக்க முடியுமா என்று முயன்று பார்ப்பதில்லை. 2021 அக்டோபர் கடைசியில், உலகமே பார்த்துக்கொண்டிருந்த 'ஸ்குவிட் கேம்' கொரியத் தொடரின் பெயரில் ஒரு டோக்கன் வந்தது. தொடரை எடுத்தவர்களுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு சென்ட் விலையில் தொடங்கி ஒரே வாரத்தில் 2,800 டாலரைத் தாண்டியது. பெரிய செய்தி நிறுவனங்களே அதன் ஏற்றத்தைச் செய்தியாக்கின. ஒரு சின்ன சங்கதி மட்டும் அடிக்குறிப்பாகவே நின்றது, வாங்கியவர்களால் விற்க முடியவில்லை. நவம்பர் 1 அன்று உருவாக்கியவர்கள் சுமார் 34 லட்சம் டாலருடன் மறைந்தார்கள். சில நிமிடங்களில் விலை பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. விற்க முடியாத பொருளின் விலை ஏறாமல் என்ன செய்யும்? எல்லோரும் வாங்க மட்டும் முடிகிற சந்தை அது.

இத்தகைய டோக்கனை உருவாக்க இன்று பெரிய படிப்பு வேண்டாம், சில நிமிட வேலை. ஆனால் சோதிப்பதும் அவ்வளவே எளிது. பொதுவான பிளாக்செயினில் உள்ள எந்த டோக்கனுக்கும் யார் யார் எத்தனை வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலை ஈதர்ஸ்கேன் போன்ற இலவசத் தளங்களில் பார்க்கலாம். நான்கைந்து வாலட்களில் பெரும்பகுதி குவிந்திருந்தால், அவர்கள் விற்கும் நாளே மற்றவர்களின் கடைசி நாள். வாங்கியவர்கள் பலர் இருந்தும் விற்றவர் ஒருவரும் இல்லையென்றால் கதவு உள்பக்கம் மட்டுமே திறக்கிறது என்று அர்த்தம். உருவாக்கியவர்களின் பெயரும் முகமும் இல்லை, இருக்கும் படமும் வேறு யாருடையதோ என்றால் மேற்கொண்டு ஆராய்ச்சியே தேவையில்லை.

கொஞ்சம் எடுத்துப் பார்த்தேன், பணம் வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. அதுவும் பொறியின் ஒரு பகுதியே. இன்று அதிகம் பேரைக் காவு வாங்குவது போலி நாணயத்தை விடப் போலி டிரேடிங் செயலி. வாட்ஸ்அப்பில் தவறிப்போய் வந்ததுபோல் ஒரு செய்தி, சில வாரம் நட்பான அரட்டை, பிறகு 'என் மாமா சொல்லித்தந்த' கிரிப்டோ முதலீடு. முதலில் போட்ட சிறு தொகைக்கு லாபம் வந்து வங்கிக் கணக்கிலேயே சேரும். நம்பிக்கை வந்து பெரிய தொகை போன பிறகுதான், எடுப்பதற்கு 'வரி' கட்டு, 'சரிபார்ப்புக் கட்டணம்' கட்டு, 'முடக்கத்தை நீக்க' பணம் கட்டு என்று ஆரம்பிக்கும். நம்முடைய பணத்தை எடுக்க நாமே மேலும் பணம் கட்ட வேண்டும் என்று சொல்லும் எதுவும் மோசடிதான். இதற்கு விதிவிலக்கு கிடையாது. உண்மையான கட்டணமும் வரியும் இருப்பிலிருந்து கழியும், இல்லையேல் பின்னர் அரசுக்கு நேரடியாகக் கட்டுவோம்.

படிக்காதவர்கள் ஏமாறுகிறார்கள் என்று ஏளனம் செய்பவர்கள் அமெரிக்காவின் கன்சாஸ் மாகாணத்தில் எல்கார்ட் என்ற சிற்றூரைப் பார்க்கலாம். அங்கே ஹார்ட்லேண்ட் டிரை-ஸ்டேட் வங்கியின் தலைமைச் செயல் அதிகாரி ஷான் ஹேன்ஸ் இப்படியொரு வாட்ஸ்அப் வலையில் சிக்கினார். சொந்தப் பணம் தீர்ந்தது. தேவாலயப் பணத்தில் கை வைத்தார். 2023இல் சில வாரங்களுக்குள் வங்கியின் பணத்திலிருந்தே 4 கோடியே 71 லட்சம் டாலரை அனுப்பினார். இன்னும் கொஞ்சம் கட்டினால் எல்லாம் திரும்பிவிடும் என்று கடைசி வரை நம்பினார். அந்த ஜூலையில் வங்கியே மூடப்பட்டது. அவருக்கு 24 ஆண்டுகளுக்கு மேல் சிறை. வாழ்நாள் முழுக்கக் கடன் விண்ணப்பங்களைச் சந்தேகத்தோடு பார்த்த மனிதர் அவர்.

அந்த வாட்ஸ்அப் செய்திகளைத் தட்டும் விரல்கள் பெரும்பாலும் மியான்மரின் மியாவாடி, கம்போடியா போன்ற இடங்களில், முள்வேலிக்குள் இருக்கின்றன. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போய் மியாவாடியில் அடைக்கப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்களை 2022இல் மீட்டு அழைத்து வர வேண்டியிருந்தது. கம்போடியாவின் பிரின்ஸ் குழுமத் தலைவர் சென் ஸி மீது இத்தகைய முகாம்களை நடத்தியதாக 2025 அக்டோபரில் குற்றஞ்சாட்டிய அமெரிக்கா, ஏறத்தாழ 1,500 கோடி டாலர் மதிப்புள்ள பிட்காயினைக் கைப்பற்றியதாக அறிவித்தது. ஏமாறுபவரும் நம் ஊர்க்காரர், அடிக்குப் பயந்து ஏமாற்றுபவரும் நம் ஊர்க்காரராக இருக்கலாம் என்பதுதான் இதன் கொடுமை.

இலங்கையிலும் இதே காட்சி. 2023இல் மத்திய வங்கி வெளியிட்ட தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் ஸ்போர்ட்ஸ் செயின், ஆன்மேக்ஸ் டிடி, எம்டிஎஃப்இ ஆகிய பெயர்கள் இருந்தன. இதில் எம்டிஎஃப்இ வங்கதேசத்தையும் புரட்டிப் போட்டது. அங்கே 2023 ஆகஸ்டில் ஒரு நாள் பயனர்களின் இருப்பு காணாமல் போனது. அது போதாதென்று, நீங்கள்தான் எங்களுக்குப் பாக்கி என்று கழித்தல் குறி போட்டுக் காட்டியது செயலி.

இத்தனைக்குப் பிறகும் இந்தியாவில் கிரிப்டோ முதலீட்டாளரைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் இல்லை. 2018இல் ரிசர்வ் வங்கி விதித்த வங்கித் தடையை 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 விழுக்காடு வரி, அதே ஆண்டு ஜூலை முதல் பரிவர்த்தனைக்கு 1 விழுக்காடு டிடிஎஸ். 2023 மார்ச்சில் எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தன, நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. வரி வாங்குவதில் காட்டிய வேகத்தை அரசு பாதுகாப்பு விதிகளில் காட்டவில்லை. இந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் நுழைகிறார். அரசே வரி வாங்குகிறது, அப்படியென்றால் சட்டபூர்வம்தானே என்று மேடையில் கேட்கிறார். கம்பெனிப் பதிவுச் சான்றிதழையும் ஜிஎஸ்டி எண்ணையும் திரையில் காட்டுகிறார். எந்தத் தொழிலுக்கும் கிடைக்கும் அந்தக் காகிதங்கள் பொதுமக்களிடம் பணம் திரட்ட உரிமம் ஆகிவிடாது.

உரிமமில்லாத வைப்புத் திட்டங்களைத் தடுக்கும் 2019ஆம் ஆண்டுச் சட்டமும், தமிழ்நாட்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் கையில் இருக்கின்றன. குறை, அவை எப்போதும் கம்பெனி ஓடிய பிறகே எழுந்து வருவதுதான். ஓட்டல் அரங்கை வாடகைக்கு எடுத்து நடக்கும் முதல் கருத்தரங்கிலேயே போலீஸ் நுழைய வேண்டும். நவி மும்பையில் முடிந்தது மற்ற ஊர்களில் ஏன் முடியாது? கமிஷன் வாங்கி ஆள் சேர்த்தவர், 'நானும் ஏமாந்தவன்தான்' என்று சாட்சிக் கூண்டுக்கு நகர்ந்துவிட அனுமதிக்கவும் கூடாது. வாங்கிய கமிஷனை அவரிடமிருந்து பறிமுதல் செய்தால், அடுத்த காயினுக்கு ஏஜென்ட் கிடைப்பது கடினமாகும். காசு வாங்கிக்கொண்டு மேடையில் நிற்கும் திரைமுகங்களுக்கும் யூடியூபர்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

ஏற்கெனவே பணம் போட்டிருப்பவர்கள் செய்ய வேண்டியது வேறு. மேலும் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது. வாட்ஸ்அப் உரையாடல், வாலட் முகவரி, பரிவர்த்தனை எண், வங்கி ரசீது எதையும் அழிக்காமல் படமெடுத்து வைக்க வேண்டும். 1930 என்ற எண்ணுக்கு உடனே அழைத்து, தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் பதிய வேண்டும். முதல் சில மணி நேரத்தில் புகார் போனால், அனுப்பிய பணத்தை இடையில் உள்ள வங்கிக் கணக்கிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. அது கிரிப்டோவாக மாறி எல்லை தாண்டிவிட்டால் மீட்பது பெரும்பாடு. அதன் பிறகு, இழந்ததை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் முன்பணமாகக் கட்டுங்கள் என்று ஒரு 'நிபுணர்' வருவார். ஏமாந்தவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வரும் இரண்டாம் சுற்று மோசடி அது.

வெட்கப்பட்டு மூடி மறைப்பவர்களால்தான் இந்தத் தொழில் அடுத்த தெருவுக்கு நகர்கிறது. பணம் போனவர் வீட்டில் சொல்லட்டும், காவல் நிலையத்தில் சொல்லட்டும், தன்னைச் சேர்த்துவிட்டவரின் பெயரையும், அவர் உறவினரே ஆனாலும், எழுதிக் கொடுக்கட்டும். இன்னும் பணம் போடாதவர்கள், யாராவது ஒரு காயினின் பெயரைச் சொன்னால், அது எவ்வளவு ஏறும் என்று விசாரிக்க வேண்டாம். யார் விலை வைக்கிறார்கள், லாபம் எதிலிருந்து வருகிறது, நாளைக் காலையில் முழுவதையும் விற்று வங்கிக் கணக்குக்குக் கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள். நேரான பதில் வராவிட்டால் ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள்.